குழவி தட்டுற மாதிரி

"தம்பி, வண்டி நேரா போகையில ஸ்டீயரிங் நடுவுல ஒட்டிக்குது. ஆட்டுக்கல்லுல குழவி ஒரு இடத்துல தட்டி நிக்கும்ல, அப்படி. கொஞ்சம் அழுத்தினா டக்குனு விட்டுடுது."

எட்டரை கிராமத்திலிருந்து வந்த பூக்கார அக்கா இதைச் சொன்னபோது அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் சாவியோடு நின்றிருந்தார்கள். திருச்சியில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நான் அட்வைசர். காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம்தான் கணக்கு. ஜாப் கார்டில் 'ஸ்டீயரிங் ஹார்ட்' என்று இரண்டு வார்த்தை தட்டினேன். குழவி, நடு, டக்கென்று விடுவது எல்லாம் கவுண்டரிலேயே நின்றுவிட்டன.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பிற்பாடு அக்கா பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தார். பணத்தோடு போனது அவர் அதிர்ஷ்டம். இப்போது லால்குடி ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அட்வைசராக இருந்த பதினோரு வருடத்தில் எத்தனை குழவிகளை 'ஹார்ட்' என்று எழுதினேனோ, கணக்கில்லை.

அக்காவிடம் இருந்தது சின்ன ஹேட்ச்பேக். விடிகாலை நான்கு மணிக்கு மல்லிகை மூட்டையை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குப் போவார். விற்று முடித்து, வெயில் ஏறிய பிறகு பதினொரு மணி வாக்கில் வயலூர் ரோடு வழியாக வீடு திரும்புவார். "போகும்போது ஒண்ணுமில்ல தம்பி, திரும்பி வர்றப்பதான் தட்டுது" என்றும் சொன்னார். அதையும் நான் எழுதவில்லை.

எங்கள் ஆள் காலை பத்து மணிக்குக் குளிர்ந்த வண்டியை எடுத்து, தெருவுக்குள் மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்தான். டயரில் காற்று குறைவு. காற்றடித்து, வீல் அலைன்மென்ட் பார்த்து, 'ஓட்டிப் பார்த்ததில் சரி' என்று கார்டை மூடினோம். இரண்டு மாதம் கழித்து அதே குறையோடு வந்தார். ஸ்கேனரை மாட்டினோம், கோளாறுக் குறி எதுவும் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன பதில்தான் இன்றும் உறுத்துகிறது: "எலக்ட்ரிக் ஸ்டீயரிங்னா அப்படித்தான்க்கா இருக்கும். எல்லா வண்டியும் இப்படித்தான்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லா வண்டியும் நான் ஓட்டலையே தம்பி. இதைத்தானே ஓட்டுறேன்."

மூன்றாம் முறை முன் பம்பர் உடைந்து, ஒரு விளக்கு தொங்கிக்கொண்டு வந்தது வண்டி. வயலூர் ரோட்டில் ஓரமாகப் போன சைக்கிளுக்காகக் கொஞ்சம் வலது ஒடித்திருக்கிறார். ஸ்டீயரிங் அசையவில்லை. அழுத்தினார். சட்டென்று விட்டுக்கொண்டு தேவைக்கு மேல் திரும்ப, வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து பாலத்துச் சுவரில் உரசி நின்றது. அந்த நேரம் எதிரே பஸ் எதுவும் வரவில்லை.

அன்றுதான் எங்கள் ஃபோர்மேன் ஒரு காரியம் செய்தார். விளக்கையும் பம்பரையும் கட்டிவிட்டு, பகல் பதினொன்றரைக்கு, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மதுரை பைபாஸில் விராலிமலை வரை மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பினார். கேட்டுக்குள் நுழைந்து கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: "குழவியேதான்டா."

டேஷ்போர்டுக்கு அடியில்

இந்த ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எது எங்கே தட்டும் என்பது புரியும். பழைய கார்களில் இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பம்பு, எண்ணெயை அழுத்தி ஸ்டீயரிங்குக்கு உதவி செய்தது. அந்த பம்பு வண்டி நேராகப் போகும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், பெட்ரோலைத் தின்னும். சின்ன இன்ஜின் அதைத் தாங்காது. மின்சார ஸ்டீயரிங் முதலில் ஒரு குட்டிக் காரில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1988-இல் ஜப்பானில் சுசுகியின் செர்வோ காரில் அது வந்தது. இன்று நம் ஊர்ச் சின்னக் கார்களில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வகைதான்.

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, அதன் தண்டுக்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று துளி முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கு என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்லும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு சிறு கம்ப்யூட்டர் மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும். நிறுத்துமிடத்தில் நிறைய உதவி, நெடுஞ்சாலையில் குறைவான உதவி. மோட்டாரின் முனையில் திருகாணி போன்ற ஒரு பல்தண்டு, 'வார்ம்' என்போம். அது ஒரு பற்சக்கரத்தைக் கடிக்கும். சத்தம் வராமலிருக்க அந்தச் சக்கரத்தின் பற்களைப் பெரும்பாலும் உறுதியான பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிரீஸ்.

முக்கியமான ஒன்று: மோட்டார் உதவிதான் செய்கிறது. உங்கள் கைக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு எப்போதும் இருக்கிறது. மோட்டார் செத்தாலும் வண்டியைத் திருப்ப முடியும். பலம் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா வண்டியில் கழற்றிய தண்டை ஃபோர்மேன் மேஜையில் வைத்து, என் உள்ளங்கையை அதன் முனையில் வைத்துத் திருப்பச் சொன்னார். வழுவழுவென்று போனது. நடுப்பகுதிக்கு வந்ததும் ஒரு தயக்கம். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், டக். "வண்டி பாதி நேரம் நேராத்தானே போகுது? அப்ப இந்த நாலஞ்சு பல்லுதானே உரசிக்கிட்டே கிடக்கும்?" என்றார். அந்த 'டக்'கைக் கையால் உணர்ந்த பிறகுதான் அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை என்று தெரிந்தது.

தண்டு முழுசாக மாற்ற வேண்டும், முப்பத்தாறாயிரம். வாரண்டி முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. முன்பே இரண்டு முறை வந்தாரே என்று கம்பெனிக்கு எழுதினோம். பழைய கார்டுகளைப் பார்த்துவிட்டுப் பதில் வந்தது: ஒன்றில் 'ஹார்ட், காற்று குறைவு', இன்னொன்றில் 'குறை தென்படவில்லை'. ஒட்டுவதாக வாரண்டி காலத்தில் பதிவே இல்லை. ஃபோர்மேன் மல்லுக்கட்டி, கடைசியில் பாதித் தொகையை கம்பெனி ஏற்றது. மீதிப் பதினெட்டாயிரம்தான் என் இரண்டு வார்த்தையின் விலை.

ஒரே புகார் அல்ல

கவுண்டரில் ஸ்டீயரிங் குறை என்று வருவதெல்லாம் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். நான்குக்கும் காரணம் வேறு, ஆபத்தும் வேறு.

முதலாவது, கனம். திடீரென்று கல்லாகிவிடும்; டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரியும். மோட்டாருக்கோ சென்சாருக்கோ நோவு, அல்லது மின்சாரம் போதவில்லை. நிறுத்துமிடத்தில் முழுசாகத் திருப்பும்போது இந்த மோட்டார் ஏகப்பட்ட கரண்ட்டை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ, டெர்மினலில் பச்சை பூத்திருந்தாலோ, கூடுதல் ஹாரனுக்கும் விளக்குக்கும் யாராவது எர்த் வயரில் கை வைத்திருந்தாலோ உதவி நின்றுபோகும். இதில் ஒரு மாயம் உண்டு. வண்டியை நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால் பல நேரம் சரியாகிவிடும். "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். அது சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது.

இந்த வகையில் உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் செவர்லே கோபால்ட். அங்கே அது சின்ன கார். ஓடும்போதே பவர் ஸ்டீயரிங் உதவி போகிறது என்று 1,100-க்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் புகார் செய்ததைப் பார்த்து, 2010 ஜனவரியில் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. 14 மோதல்களும் அந்தப் புகார்களில் இருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் கோபால்ட்டையும் அதன் உறவுக் கார்களையும் சேர்த்துச் சுமார் 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கீழே திருப்புவது கடினமாகும் என்று கம்பெனியே சொன்னது. ஆனாலும் அதோடு முடியவில்லை. 2014-இல் அதே ஸ்டீயரிங் குறைக்காக இன்னும் 15 லட்சம் வண்டிகளை அழைத்தார்கள். முன்பு செய்தது போதவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கோபால்ட்டின் இன்னொரு கதை இதைவிடக் கொடிது. அதன் சாவித்துளை சுவிட்ச் தளர்வானது. மேடு பள்ளத்தில் குலுங்கினாலோ, கொத்துச் சாவியின் பாரத்தாலோ சாவி தானாகக் கீழே இறங்கி இன்ஜின் நின்றுவிடும். ஸ்டீயரிங் உதவி போகும், பிரேக் உதவி போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2014-இல் அந்தக் குறை வெளியில் வந்த பிறகு, கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பணம் கொடுத்தது. சுவிட்ச் மாற்றும்வரை சாவியைத் தனியாக மட்டும் போட்டு ஓட்டுங்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். அதைப் படித்த நாள் முதல், வீட்டுச் சாவி, கடைச் சாவி, பித்தளை வேல் எல்லாம் சேர்த்துக் கால் கிலோவுக்குத் தொங்கும் கொத்தைப் பார்த்தால் என் கை தானாக நீளும். கழற்றிக் கொடுத்துவிடுவேன். நம் வண்டியில் அந்தக் குறை இல்லாமலிருக்கலாம். சுவிட்ச் சீக்கிரம் தேயாமலாவது இருக்கும்.

இரண்டாவது, ஒட்டல். இது அக்காவின் குழவி. விளக்கு எரியாது, ஸ்கேனர் பேசாது, மெதுவாக ஓட்டினால் தெரியாது. நேர் சாலையில், வேகத்தில், வண்டி சூடான பிறகுதான் வரும். அதனால்தான் சர்வீஸ் சென்டரில் இதற்கு மரியாதை இல்லை.

2024 அக்டோபரில் ஒரு செய்தி படித்துக் கொஞ்சநேரம் வேலை ஓடவில்லை. அமெரிக்காவில் ஹோண்டா, 2022 முதல் வந்த சிவிக்கையும் இன்னும் சில மாடல்களையும் சேர்த்துச் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்திருந்தது. ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரம் சரியாகச் செய்யப்படவில்லை, வெப்பத்திலும் ஈரத்திலும் அது உப்பி, வார்மோடு உராய்வு கூடுகிறது, கிரீஸ் போதவில்லை. ஓட்டுகிறவருக்கு நடுவில் ஒட்டுவதுபோல இருக்கும். வார்மின் ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸ் வைத்துத் தரச் சொன்னார்கள். இதற்கான அரசு விசாரணையும் உரிமையாளர்களின் புகாரில்தான் தொடங்கியது: 2023-இல் அது தொடங்கியபோது 145 புகார்கள். அக்காவின் வண்டி வேறு கம்பெனி, வேறு மாடல். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 'போகும்போது இல்ல, வெயில்ல திரும்பும்போதுதான்' என்று அவர் சொன்னதை எழுதியிருந்தால், வெப்பத்தைத் தேடிப் போயிருப்போம்.

மூன்றாவது, ஆட்டமும் சத்தமும். ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவு ஆட்டினாலும் வண்டி கேட்காது. பள்ளத்தில் 'கட கட' என்று கேட்கும். இதுதான் நான் அன்றே வண்டியை நிறுத்தச் சொல்லும் வகை. கனத்திலும் ஒட்டலிலும் இரும்புத் தொடர்பு இருக்கிறது. இதில் அந்தத் தொடர்பே விட்டுப்போகலாம். பார்ப்பதும் சுலபம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனையையோ ஸ்டீயரிங் பெட்டியையோ பார்க்க வேண்டும். டை ராடு என்பது ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பி. அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், அப்புறம் தேய்மானம்தான்.

2023 ஜூலையில் மாருதி சுசுகி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்த டை ராடுக்காகத்தான். அரிதாக அது உடையக்கூடும் என்றது. 2024 ஆகஸ்டில் ஆல்டோ கே10-இல் 2,555 வண்டிகளுக்கு ஸ்டீயரிங் கியர் பெட்டியில் குறை என்று அறிவித்தபோது இன்னும் ஒருபடி மேலே போய், மாற்றித் தரும்வரை அந்த வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னது. கம்பெனி அப்படிச் சொன்னால் பட்டறைக்குக்கூட ஓட்டிப்போகக் கூடாது. வண்டியை ஏற்றிப்போக ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான்காவது, இழுப்பு. கையை விட்டால் ஒரு பக்கம் போகும். பெரும்பாலும் டயர் காற்று, ஒருபக்கத் தேய்மானம், அலைன்மென்ட், ஒட்டிக்கொண்ட பிரேக். நம் ரோடுகளே இடப்பக்கம் சரிவாக இருப்பதால் லேசான இடது இழுப்பு இயல்பு. பிரேக் ஒட்டவில்லை என்றால் இதில் பயப்பட அதிகமில்லை.

யார் கணக்கில் ஏறுகிறது?

2012 முதல் நம் நாட்டுக் கார் கம்பெனிகள் தாங்களே முன்வந்து திரும்ப அழைக்கும் வழக்கம் இருந்தது. மனமிருந்தால் அழைப்பார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். மீறினால் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை கட்ட வைக்கலாம். அந்த உத்தரவுக்கு ஒரு வழி, உரிமையாளர்களின் புகார் எண்ணிக்கை. அது ஒரு வரம்பைத் தாண்டினால் அரசு விசாரிக்க வேண்டும். பதிவு செய்ய மத்திய அரசின் வாகனத் தளத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கை என்பதுதான் இங்கே சங்கதி. கவுண்டரில் சத்தம் போட்டது எண்ணிக்கையில் ஏறாது. வாட்ஸ்அப் குழுவில் திட்டியது ஏறாது. அமெரிக்காவில் அந்த 1,100 பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் அது ஒரு எண்ணாக நின்றது. நம் ஊரில் அட்வைசரிடம் சொல்லிவிட்டு, "பார்த்துக்கறோம் சார்" என்ற பதிலோடு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்த அட்வைசராக இருந்தவன் சொல்கிறேன்: எங்களுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். குறை எப்போது வருகிறது என்று செல்போனிலேயே நான்கு வரி எழுதிவையுங்கள்: என்ன வேகம், எந்தப் பக்கம் திருப்பும்போது, காலையிலா வெயிலிலா, எவ்வளவு தூரம் ஓட்டிய பிறகு. விளக்கு எரிந்தால், ஓரங்கட்டிய பின், சாவியை ஆஃப் செய்வதற்கு முன்பே படம் எடுங்கள். ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன வார்த்தையையே எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 'குறை தென்படவில்லை' என்று மூடினால், எங்கே, எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். கம்பெனி இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணைப் போட்டு, வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஓடும்போது ஸ்டீயரிங் கல்லாகிவிட்டால் பதறாதீர்கள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். வண்டி நிற்பதற்குள் மட்டும் சாவியை உருவிவிடாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக்கும் கனமாகும்.

என் பட்டறை ஜாப் கார்டில் முதல் கட்டம்தான் பெரியது. மேலே 'வண்டிக்காரர் சொன்னது' என்று அச்சடித்திருக்கிறேன். பூக்கார அக்கா இப்போதும் என்னிடம்தான் வருகிறார். எழுதி முடித்ததும், "வாசி தம்பி" என்பார். வாசித்துக் காட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும்.

போன வாரம் ஒரு ரைஸ்மில்காரர் வந்தார். "ஸ்டீயரிங்கைத் திருப்பினா எலி கத்துது சார்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு. பையன்களும் சிரித்தார்கள். நான் கட்டத்தில் 'திருப்பும்போது எலி கத்துகிறது. காலையில் அதிகம்' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்து, பையனைத் திருப்பச் சொன்னேன். தண்டு இன்ஜின் பக்கம் நுழையும் இடத்தில் ரப்பர் சீல் காய்ந்து கிடந்தது. அச்சு அசல் எலிதான்.